வீட்டுக்குள் கொண்டுவந்தது யார்?

"என் ரிசல்ட் கிடக்கட்டும் டாக்டர். கொரோனாவை வீட்டுக்குள்ள கொண்டுவந்தது என் பொண்ணா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

நாற்காலியில் உட்காருவதற்குள் அந்த அம்மா கேட்டுவிட்டாள்.

டாக்டருக்குச் சுருக்கென்று எரிச்சல் வந்தது. தொற்று வந்த வீடுகளில் பெரியவர்கள் உடம்பும் பிள்ளைகள் உடம்பும் எப்படி எதிர்த்து நின்றன என்று பார்க்கத்தான் ரத்தம் எடுத்தார்கள். குற்றவாளியைப் பிடிக்கவா எடுத்தார்கள்?

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மகள் முகக்கவசத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் நாற்காலிகள் காலி. பெற்ற பிள்ளையைத் தள்ளி உட்காரவைக்க எப்படித்தான் மனசு வருகிறதோ என்று நினைத்துக்கொண்டார் டாக்டர்.

"சின்னப் பொண்ணும்மா. தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"செத்தது எங்கப்பா. எனக்குத் தெரிஞ்சாகணும்."

"அவ ரத்தத்துல தொற்று வந்த தடமே இல்ல."

"அப்போ அவளுக்கு வரவே இல்லையா?"

டாக்டருக்கு அரைகுறையாகப் பேசிப் பழக்கமில்லை.

"அப்படிச் சொல்ல முடியாது. பிள்ளைங்க உடம்பு பல சமயம் வைரஸை மூக்குலயே மறிச்சு விரட்டிடும். ரத்தத்துக்குத் தகவலே போகாது. பெரியவங்களுக்கு அப்படி இல்ல, பெரும்பாலும் தடம் தங்கிடும். உங்க ரத்தத்துல அந்தத் தடம் இல்ல. உங்களுக்கு வரலைன்னு தைரியமாச் சொல்லலாம். அவளுக்குச் சொல்ல முடியாது."

அந்த அம்மா கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பி மகளைப் பார்த்தாள்.

"டாக்டர், அவளைக் கூப்பிடறேன். ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே, அதோட நிறுத்திக்குங்க. எங்கக்கா துக்கத்துல வாய் தவறி, 'நீ ஸ்கூல்லேர்ந்து கொண்டுவந்ததுதான்டி'ன்னு இவளைச் சொல்லிட்டா. அன்னையிலேர்ந்து யார் பக்கத்துலயும் உட்காரமாட்டேங்கறா. தம்பி ஓடிவந்தா கதவைச் சாத்திக்கறா. அவ தூக்கி வளர்த்த பிள்ளை டாக்டர் அவன்!"

டாக்டருக்கு வெட்கமாகப் போயிற்று.

மகள் வந்தாள். கதவோரமே நின்றாள்.

"உன் ரத்தத்துல ஒண்ணுமே இல்லம்மா," என்றார் டாக்டர்.

"நிஜமாவா?" ஒரு நிமிஷம் யோசித்தாள். "அப்போ தாத்தாவுக்கு யார்கிட்டேர்ந்து வந்துச்சு?"

இந்தக் கேள்வியை டாக்டர் எதிர்பார்க்கவில்லை.

"என்கிட்டேர்ந்துதான்டி," என்றாள் அம்மா. "டாக்டர் இப்பத்தான் சொன்னாங்க. வேணும்னா கேட்டுப் பாரு."

மகள் திரும்பி டாக்டரைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றார் டாக்டர்.

அம்மாவுக்குக் கண் கலங்கியதுதான் தாமதம். மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ, அழாதம்மா! நீ என்ன, தெரிஞ்சா பண்ணினே?"