அஜீசா சொன்ன குறை

"இந்த மாப்பிள்ளையும் வேணாமாம், அண்ணே!"

வாசற்படியில் நின்றுகொண்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி சொன்னாள் ரஹீமுன்னிசா. டிராமை விட்டிறங்கி ராயபுரத்துச் சந்துக்குள் வந்துகொண்டிருந்த அவள் அண்ணன் ஹுமாயூனுக்குச் சுருக்கென்றது.

"மெதுவா சொல்லேன். தெருவுக்கே தமுக்கு அடிக்கணுமா?" என்று தங்கையை உள்ளே தள்ளிக்கொண்டு போனான்.

ஹுமாயூன் கப்பலில் கரி தள்ளுகிறவன். உலகச் சண்டை முடிந்து கப்பல்கள் மறுபடி தூரதேசம் போக ஆரம்பித்திருந்த காலம். இரண்டு வருஷம் அலைந்துவிட்டுப் போன மாதம்தான் வீடு திரும்பினான். வந்த நாளிலிருந்து தெருவில் இதே பேச்சு. தங்கை மகள் அஜீசாவுக்குத் தான் பெரிய அழகி என்ற நினைப்பாம். வருகிற மாப்பிள்ளைகளை எல்லாம் தட்டிக் கழிக்கிறாளாம். ஒருவனுக்கு முன்பல் நீளம். ஒருவனுக்கு இப்போதே வழுக்கை. இன்னொருவன் சிரித்தால் குதிரை கனைக்கிற மாதிரி இருக்கிறதாம்.

தகப்பன் இல்லாத பெண். மாமன் சும்மா இருக்கலாமா என்று, தன் தோஸ்து மஜீதின் மகன் தமீமை அவனே கேட்டு வைத்தான். தமீம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். குடி கிடையாது, பீடிகூடக் கிடையாது. நேற்றுத்தான் மஜீது குடும்பத்தோடு வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

"தமீமுக்கு இன்னா கொறச்சலாம்?"

அறைக்குள்ளே, திரைக்குப் பின்னாலிருந்து அஜீசாவே பதில் சொன்னாள். "நடந்தா ஒரு தோள் எறங்குது மாமு. ஜன்னல் வழியா பார்த்தேன். தராசு மாதிரி கீது."

ஹுமாயூனுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவளிடம் அவனால் ஒருநாளும் கத்த முடிந்ததில்லை.

"இங்க கேளு, புள்ளே. எங்க கப்பல் சக்கரை ஏத்த டிரினிடாடு தீவுக்குப் போச்சு. அந்தத் தீவுச் சமையக்காரன் ஒரு கதை சொன்னான். அங்க ஒருத்தி இருந்தாளாம், உன்னை மாதிரியே. எவன் வந்தாலும் நொட்டை சொல்லுவா. உடம்புல ஒரு கீறல்கூட இல்லாதவன்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா. கடைசில அப்படியும் ஒருத்தன் வந்தான். பளபளன்னு, ஒரு மச்சம் இல்ல, மரு இல்ல. கட்டிகினு போனா. அவன் வூட்டுல வெளக்கை ஏத்திப் பார்த்தா, பாம்பு! சட்டையை உரிச்சிப் போட்டுட்டு வந்ததுக்குக் கீறல் ஏது?"

திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. "பாம்புக்குத் தோள் எறங்காதே மாமு!"

"சிரிக்காதே. மஜீது மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"அண்ணே, இப்பவே போ" என்றாள் ரஹீமுன்னிசா. குரலில் ஓர் அவசரம் இருந்தது. "அவங்க சேதி வர்றதுக்குள்ள நம்ம சேதி போயிடணும். பேசிகினு நிக்காதே, போ."

தண்டையார்ப்பேட்டைக்கு நடந்தே போனான் ஹுமாயூன். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று வழி நெடுக யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை.

மஜீது வீட்டு வாசலில் ஒரு ஜட்கா வண்டி நின்றது. மஜீது புதுச்சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி மரியம், துணி மூடிய பித்தளைத் தட்டோடு எதிரே வந்தாள்.

"வாங்கண்ணே! நாங்களே உங்க..."

"மொதல்ல நான் சொல்லிடறேன், தங்கச்சி. மனசுல வெச்சுக்காதீங்க. பொண்ணு வேணாங்குது."

மரியம் நின்றுவிட்டாள். தட்டின் துணி விலகியிருந்தது. உள்ளே சர்க்கரையும் கற்கண்டும் இருந்தன.

"ஏன்டா?" என்றான் மஜீது.

தோளைப் பற்றிச் சொல்ல ஹுமாயூனுக்கு வாய் வரவில்லை. "சின்னப் பொண்ணு. ஏதோ சொல்லுது."

"பரவால்லண்ணே" என்றாள் மரியம். அவள் முகம் சிறுத்துப் போயிருந்தது. "திருவொத்தியூர்ல ஒரு எடம் பதிலுக்குக் காத்துகினு கீது. நாங்கதான் நிறுத்தி வெச்சிருந்தோம்." கணவன் பக்கம் திரும்பினாள். "பொறப்பட்டது பொறப்பட்டுட்டோம். அங்கயே போய்ச் சொல்லிட்டு வந்துடலாம், வாங்க."

ஜட்கா தெருமுனை திரும்பும் வரை ஹுமாயூன் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பை உதறினான். "சொல்லிட்டேன். அவங்க வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். போதுமா?"

ரஹீமுன்னிசா பெருமூச்சு விட்டாள். "நல்ல வேளை. அவங்க இன்னா கொறை சொல்றதா இருந்தாங்க?"

"கொறையா? சக்கரைத் தட்டோட இங்க வர்றதுக்கு வண்டி ஏற இருந்தாங்க. என் பேச்சைக் கேட்டு அந்தத் தட்டு திருவொத்தியூருக்குப் போயிடுச்சு!"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"சரின்னு சொல்லவா வந்தாங்க? இவ எவனையும் வேணாம்னு சொன்னதில்லண்ணே. வந்தவங்க எல்லாரும் இவளைத்தான் வேணாம்னாங்க. அந்தச் சேதி வர்றதுக்குள்ள இவ ஒரு கொறை சொல்லுவா. நான் அதைத் தெருவுக்குச் சொல்லுவேன். பொண்ணுக்கு மானமாவது மிஞ்சட்டுமேன்னு."

"நம்ம அஜீசாவையா? இவளை எதுக்கு வேணாம்னாங்க?"

திரையை விலக்கிக்கொண்டு அஜீசா வாசல் வெளிச்சத்துக்கு வந்தாள்.

"நெசமாவே சரின்னாங்களா, மாமு?"

பதில் சொல்ல நிமிர்ந்த ஹுமாயூன், தான் தோளில் தூக்கி வளர்த்தவளின் முகம் முழுக்கச் சின்ன வயசிலேயே அம்மை குழி குழியாகப் பறித்துப் போட்டிருந்ததை அன்றுதான் பார்த்தான்.