எட்டில் ஒரு பங்கு

மண் நிரம்பிய வாளியை உயர்த்தியபடி பெக்கோ இயந்திரம் கிணற்றருகே உறுமிக்கொண்டு நிற்கிறது. பக்கத்து வளவுத் தயாளினி கிணற்றுக்கட்டில் ஏறி நின்று தண்ணீர் அள்ளுகிறாள். அவளுடைய காணி உறுதிப் பத்திரத்தில் இந்தக் கிணற்றின் எட்டில் ஒரு பங்கு எழுதியிருக்கிறது. அதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட மறுக்கிறாள். கையெழுத்து இல்லாமலே இன்றைக்குக் கிணற்றைத் தூர்த்துவிடும்படி கட்டட நிறுவனத்தின் மேலிடம் பொறியியலாளன் மயூரனுக்குச் சொல்லிவிட்டது. இங்கே எழப்போவது அவன் பொறுப்பேற்றுக் கட்டும் முதல் அடுக்குமாடி. குடங்கள் இரண்டும் நிரம்பிவிட்டன. ஆனாலும் அவள் அள்ளுகிறாள். வழியும் தண்ணீர் அத்திவாரத்துக்குப் போட்ட சுண்ணாம்புக் கோட்டைக் கரைக்கிறது.

“அக்கா, குழாய்த் தண்ணி எடுத்துத் தாறம் எண்டு சொன்னனான்தானே? இறங்குங்கோ.”

“உம்மடை குழாயிலை இதுவரைக்கும் கதை மட்டும்தான் தம்பி வருது.”

மயூரன் பெக்கோ ஓட்டும் லெனாட்டைப் பார்த்து முன்னே வரும்படி கையசைக்கிறான். ஆனால் இயந்திரம் நின்றுபோகிறது. லெனாட் அதை அணைத்துவிட்டு இறங்கி வந்து இரண்டு கைகளையும் ஏந்துகிறான். தயாளினி வாளியைச் சரிக்கிறாள். தண்ணீர் முழங்கை வழியே ஒழுக ஒழுகக் குடிக்கிறான்.

“நல்ல தண்ணி, சேர். எங்கடை பக்கம் முழுக்க உப்பு. இதை நான் மூடமாட்டன்.”

பெக்கோவின் சாவியை நீட்டுகிறான். மயூரனின் கைகள் காற்சட்டைப் பைகளுக்குள் போய்விடுகின்றன.