விரல் நுனிக்கு அப்பால்

கண்ணாடி மணிக்கட்டைக் கிழித்ததிலிருந்து தையல்காரருக்கு ஆள்காட்டி விரல் மரத்துப்போயிருந்தது. ஊசி குத்தினால் தெரியாது. வெள்ளைத் துணியில் ரத்தப் பொட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

"நரம்பைத் தைச்சாச்சுன்னீங்களே டாக்டர், இன்னும் கட்டையாவே கிடக்கு."

"பழைய தையலைப் பிரிச்சா, நூல் துணுக்கெல்லாம் பொறுக்கிட்டுத்தானே புதுசாத் தைப்பீங்க? உடம்புல இருக்கிற எதிர்ப்பு அணுக்களுக்கும் அதே வேலைதான். செத்த நரம்பைத் தின்னு வழி விடும். அப்புறம் மேலேருந்து புது நரம்பு மெல்ல வளரும்."

பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் பேனாவால் மணிக்கட்டிலிருந்து விரலை நோக்கித் தட்டிக்கொண்டே வருவார். சுருக்கென்ற இடம்வரை நரம்பு வந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் உள்ளங்கையில் சுருக்கென்றது, பிறகு விரலின் அடியில். இன்று நுனியிலேயே தெரிந்தது. தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் சிரித்தபடி பேனாவை மேசைமேல் போட்டார். விரலுக்கு ஒரு சாண் தள்ளி அது விழுந்தது. தையல்காரர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

டாக்டர் அதே இடத்தில் மேசையை மறுபடி தட்டினார். "இங்கேயா?"

"அங்கேதான் சுருக்குங்குது."

"அணுக்கள் கொஞ்சம் தாராளமாவே வழி விட்டிருக்கு போல. இனிமே நீங்க வர வேண்டாம்."

அன்று தைத்த சட்டையில் ஒரு பொட்டுகூட இல்லை. ஊசி கிட்டே வரும்போதே சுருக்கென்றது. மனைவி முதுகைக் காட்டி உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நிம்மதியில் அவளை நோக்கி விரலை நீட்டினார்.

"சும்மா இருங்க, கூசுது" என்றாள், திரும்பாமலே.

ரவிக்கையின் வியர்வை ஈரம் விரலில் பட்டது. விரலுக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.