முப்பத்திரண்டு

கல்லூரி அறிவிப்புப் பலகையில் தன் எண்ணுக்கு நேரே அவள் விரலை வைத்தாள்.

ஆங்கிலத் தகுதித் தேர்வு. ஐம்பதுக்கு முப்பத்திரண்டு. ஏ வகுப்பு.

முப்பதைத் தொட்டால் ஏ. தொடாதவர்கள் பி. பி வகுப்புக்கு எழுத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். தினமும் மாலை ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார வேண்டும்.

கூட வந்திருந்த அண்ணன் அதற்குள் அம்மாவுக்குப் போன் போட்டிருந்தான். அடுத்து பெரியப்பாவுக்கு. பிறகு அவன் வேலை செய்யும் ஒர்க் ஷாப்புக்கு. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஏ வாங்கியிருக்கிறாள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான்.

அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினெட்டுக் கேள்விகளுக்கு அவளுக்கு விடை தெரியும். மீதி முப்பத்திரண்டுக்கும் மாரியம்மனை நினைத்துக்கொண்டு, கை போன வட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தாள்.

அம்மன் பதினான்கு கொடுத்திருக்கிறாள்.

கொடுத்ததை வேண்டாம் என்பது பாவமா? கொஞ்ச நேரம் யோசித்தாள். கொடுத்தவள் கோபிக்க மாட்டாள் என்று தோன்றியது. பள்ளியில் புரியாத வகுப்புகளில் தான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அம்மனுக்குத் தெரியும்தானே.

இன்னும் மூன்று வருடம் அப்படி உட்கார முடியாது.

பாடம் பதியும் மேஜைக்கு முன்னால் நீண்ட வரிசை. ஏ வகுப்புக்காரர்களின் வரிசை. அவள் போய் நின்றாள். பி-க்கு மாறக் கேட்கப் போவதை அண்ணனிடம் சொன்னாள்.

அவன் முகம் சுருங்கிவிட்டது.

"கெடச்சத வேணாம்னு சொல்றவ உலகத்துல நீ ஒருத்திதான் பாப்பா. ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

"நீ சொன்னதுக்காக எனக்கு இங்கிலீஷ் வந்துருமாண்ணே?"

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஆனாலும் கூடவே நின்றான்.

அவள் முறை வந்தது. மேஜையில் இருந்த பேராசிரியைக்கு முதலில் புரியவில்லை. பதினோரு வருடமாக இந்த மேஜையில் இருக்கிறார். பி-யிலிருந்து ஏ கேட்டு அழுதவர்கள் உண்டு. சிபாரிசுக் கடிதத்தோடு வந்தவர்கள் உண்டு. இப்படி யாரும் வந்ததில்லை.

மாறிவிட்டால் இந்த வருடம் திரும்ப முடியாது என்றார். பி என்றால் மற்ற பிள்ளைகள் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்றார். அதைச் சொல்லும்போது, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

நல்ல மனுஷி.

அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது மேடம். பாதிக்கு மேல குருட்டாம்போக்குல போட்டேன். கத்துக்கத்தான் வந்துருக்கேன். பி-யில போடுங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு வேறு யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

பேராசிரியை இழுப்பறையைத் திறந்து மாற்றல் விண்ணப்பத் தாள் ஒன்றை எடுத்தார். தன் நாற்காலியை நகர்த்தி, அவள் உட்கார்ந்து எழுத இடம் செய்து கொடுத்தார்.

காரணம் என்ற இடத்தில் அவள் தமிழில் எழுதினாள்: ஆங்கிலம் தெரியாது. நிறுத்தி நிதானமாக எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற பெண் முப்பத்தொன்பது வாங்கியவள். அந்த விண்ணப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கையை நீட்டினாள்.

பேராசிரியை இன்னொரு தாளை உருவப் போனார்.

நிமிர்ந்து வரிசையை ஒருமுறை பார்த்தார்.

கட்டோடு எடுத்து மேஜைமேல் வைத்தார்.