ஸ்டாக்கிங்ஸில் ஏணி

“ஏணியாம்யா, ஏணி! நம்ம ஸ்டாக்கிங்ஸ்ல ஏணி இருக்காம்!”

மேனேஜர் போட்ட கூச்சலில் காலுறைத் தொழிற்சாலையின் ஆபீஸ் அறையே அதிர்ந்தது. அவர் கையில் ஒரு லெட்டர் இருந்தது. காலையில் அவர் வருவதற்கு முன்பே மேஜையில் வந்து உட்கார்ந்திருந்த லெட்டர். முழுக்க இங்கிலீஷ். இங்கிலீஷ் என்றால் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர், பையர் என்றால் புகார் என்று அவர் அப்போதே முடிவு கட்டிவிட்டார். ‘டியர் சார்’ வரைக்கும் அவருக்கு வழுக்கிக்கொண்டு வரும். அதற்குப் பிறகு வண்டி ஒவ்வொரு எழுத்திலும் நின்று நின்றுதான் போகும்.

மெக்கானிக் மூச்சிரைக்க ஓடி வந்தார். “எண்ணிப் பார்த்துட்டேன் சார். நம்ம ஏணி மூணும் பத்திரமா இருக்கு. ஒண்ணு மேல பெயிண்டர் நிக்கிறார்.”

“அப்ப நாலாவது ஏணி எப்படிய்யா பெட்டிக்குள்ள போச்சு? இந்த ஆர்டர் கைவிட்டுப் போனா நாம எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். செக்கிங் அக்காவைக் கூப்பிடு!”

மேனேஜர் உட்பட அங்கே எல்லாருக்கும் அவர் அக்காதான். பன்னிரண்டு வருஷமாக ஸ்டாக்கிங்ஸைக் கையில் மாட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பழுது இருக்கிறதா என்று பார்க்கிறவர். பையர்கள் அனுப்பும் தாள்களைப் படித்துப் படித்தே காலுறை இங்கிலீஷ் அவருக்கு அத்துப்படி.

அக்கா நிதானமாக வந்தார். லெட்டரை ஒரு பார்வை பார்த்தார். ஒரு ஸ்டாக்கிங்கைக் கையில் மாட்டி விரல்களை விரித்தார். சர்ரென்று நூல் பிரிந்து, படிப்படியாக முழங்கை வரை ஓடியது.

“இதுதான் சார் அந்த ஏணி. ஒரு கண்ணி அறுந்தா இப்படிப் பிரிஞ்சுக்கிட்டே போகும். இதைத்தான் இங்கிலீஷ்ல ‘லேடர்’ம்பாங்க. மிஷின் ஊசி தேஞ்சு போச்சு, மாத்துங்கன்னு எழுதியிருக்கு.”

மேனேஜருக்குப் பாதி உயிர் திரும்பியது. “பார்த்தியாய்யா! நூலைப் பார்த்தே ஊசியைக் கண்டுபிடிச்சிருக்கான். அதுதான் வெளிநாட்டு மூளை!”

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

“அடுத்தது என்னக்கா, ‘புல் அப் யுவர் சாக்ஸ்’?” என்ற மேனேஜர், பதிலுக்குக் காத்திராமல் குனிந்து தன் சாக்ஸை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டார். “நீயும் இழுய்யா!”

செருப்புக் காலோடு நின்ற மெக்கானிக் திருதிருவென விழித்தார்.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ஐயோ, அது இல்ல சார். சோம்பலை விட்டுட்டு ஒழுங்கா வேலையைப் பாருங்கன்னு அர்த்தம்.”

“யாரை, என்னையா?”

“உங்களைத்தான் சார்.”

“அப்ப ‘புட் எ சாக் இன் இட்’? ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு சாக்ஸ் இலவசமா வைக்கணுமா? ஒரு காலுக்கு மட்டும் வச்சா இன்னொரு கால் என்ன பண்ணும்?”

“அது கொஞ்சம் மரியாதைக் குறைவா இருக்கு சார்...”

“பரவால்ல, சொல்லுங்க.”

“‘அடுத்த மாசம் பார்க்கலாம்’னு மறுபடியும் சொல்றதா இருந்தா, தயவுசெஞ்சு வாயை மூடிக்கோங்கன்னு எழுதியிருக்கு.”

மேனேஜர் உடனே வாயை மூடிக்கொண்டார். ஆனால் கண் அடுத்த வரிக்குப் போனதும் அது தானாகத் திறந்துகொண்டது. “ஐயையோ! ‘நாக் யுவர் சாக்ஸ் ஆஃப்’! அடிச்சு என் சாக்ஸைக் கழட்டிடுவாங்களாம்!”

“இல்ல சார், அது நல்ல வார்த்தை. ஊசியை மட்டும் மாத்திட்டா, பார்க்கிறவங்க அசந்து போற மாதிரி சரக்கு வருமாம்.”

அவ்வளவுதான். மேனேஜர் போனைப் பிடுங்காத குறையாக எடுத்தார். “எல்லா மிஷினுக்கும் புது ஊசி! இன்னிக்கே வேணும்! செலவைப் பத்திப் பேசாதே!”

சாயங்காலத்துக்குள் ஊசிகள் வந்து, மாட்டி, மிஷின்கள் ஓடின. முதலில் விழுந்த ஸ்டாக்கிங்கை மேனேஜரே கையில் மாட்டி இழுத்தார், விரித்தார், முறுக்கினார். ஒரு கண்ணிகூட அசையவில்லை. சந்தோஷம் தாங்காமல் மெக்கானிக்கைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

“அக்கா, உடனே நன்றி சொல்லிப் பதில் எழுதுங்க. பெரிய மனுஷன், நம்ம கண்ணைத் திறந்துட்டார்!”

“யார் பேருக்கு சார் எழுதட்டும்?”

“கடைசியில கையெழுத்து இருக்குமே...” மேனேஜர் முதல்முறையாக லெட்டரைத் திருப்பினார். பின்பக்கத்தின் அடிவரியில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினார். “செக்... கிங்... செக்‌ஷன்... டேபிள்... நம்பர்... ஃபோர்...”

விரல் அப்படியே நின்றது. மெல்ல நிமிர்ந்தார்.

“நான்தான் சார்” என்றார் அக்கா. “தமிழ்ல நாலு தடவை எழுதிக் கொடுத்தேன், படிச்சுட்டும் செய்யல. இங்கிலீஷ்ல ஒரே தடவை எழுதினேன், படிக்காமலேயே செஞ்சுட்டீங்க!”