பேஸ்மென்ட்டில் பச்சை விளக்கு

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. என் இரண்டு கண்ணாடிகள் மீதும் சத்தியம். தூரத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று.

என் மனைவி, இவள், காலைத் தூக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

வலது கால். இடுப்பு எலும்பு முறிந்து, தகடு வைத்துப் பதினோரு நாள். தினமும் முப்பது முறை தூக்கினால் நடப்பார், இல்லாவிட்டால் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பயிற்சி கொடுக்கும் ஷெரின் கெஞ்சினாள்.

"ஆன்ட்டி, ப்ளீஸ். ஒரே ஒரு தடவ."

இவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முப்பத்தெட்டு வருடத்தில் அந்த முதுகை நான் நன்றாக அறிவேன். அதனோடு பேசிப் பயனில்லை.

எனக்கும் அலுத்துவிட்டது. ஆஸ்பத்திரி நாற்காலியில் பதினோரு நாள் உட்கார்ந்தவனின் இடுப்பை யாரும் படம் எடுத்துப் பார்ப்பதில்லை.

சுவரிடம் பேசுவது போலக் கேட்டாள்.

"இன்னும் நாலு வாரம் இங்கயேன்னா, கார் என்னாகறதுங்க? பேட்டரி எறங்கிப் போயிருமே."

கார் இவளுடையது. ஓட்டுவதும் இவள். நான் இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பிரேக் இல்லாத இடத்தில் பிரேக் மிதிப்பவன்.

"அதுக்குத்தான் காலைல பேட்டரிக் கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்றேன்.

முதுகு கொஞ்சம் அசைந்தது.

கடைக்காரர் தங்கமுத்து மூன்று சார்ஜர்களை எடுத்து வைத்தார்.

முதலாவது கருங்கல் கனம். நிறுத்தத் தெரியாது. வாரக்கணக்கில் விட்டால் பேட்டரி கொதித்துவிடும். அவர் வீட்டில் அதில்தான் இட்லி வேகிறது.

இரண்டாவது, வெயிலில் வேலை செய்யும் தகடு. பேஸ்மென்ட்டில் நிற்கும் காருக்கு வெயிலை வாளியில்தான் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாவது உள்ளங்கை அகலம். நிரம்பினால் தானே நிறுத்திக்கொள்ளும், குறைந்தால் தானே தொடங்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் பசி. பச்சை எரிந்தால் சாப்பிட்டாயிற்று.

"கரண்ட்ல மாட்டீட்டு ஊருக்குப் போயிருங்க. அதுபாட்டுக்குப் பாத்துக்குமுங்க" என்றார் தங்கமுத்து.

இவள் திரும்பிப் படுத்தாள்.

"எதை வாங்குனீங்க?"

"பத்துத் தடவ காலத் தூக்கு புள்ள. சொல்றேன்."

முறைத்தாள்.

தூக்கினாள்.

நான்காவதில் கண்ணில் நீர் வந்தது. ஒன்பதாவதில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. ஷெரின் எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டாள்.

"மூணாவதை" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் மாலை நான்கு மணிக்குச் செய்தி வாசித்தேன்.

இரண்டாம் நாள் சிவப்பு.

நான்காம் நாள் பச்சை.

ஆறாம் நாள், பேட்டரிக்குப் போக மிஞ்சியது ஹாரனுக்குப் போய்விட்டது. யாரும் தொடாமலே அது ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டது.

எட்டாம் நாள், வாட்ச்மேன் செல்போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காரை இரண்டு சுற்றுச் சுற்றினார். நூறு சதவீதம் ஏறிவிட்டது.

ஒன்பதாம் நாள், பானெட்டின் மேல் படுத்திருந்த பூனைக்கு முடியெல்லாம் குத்திட்டு நின்றது. மூன்றாம் மாடி நாச்சிமுத்து அதை முள்ளம்பன்றி என்று வனத்துறைக்குத் தகவல் கொடுத்துவிட்டார்.

இவள் சிரிக்கவில்லை. குறுக்கு விசாரணை செய்தாள்.

"சிவப்பு ஒயரு எதுல மாட்டுனீங்க?"

"பிளஸ்ல."

"கறுப்பு?"

"மிச்சம் இருந்ததுல."

"ஒயரு மாட்டோணும்னா பானெட்டு தெறந்துதான இருக்கோணும். அப்பறம் பூனை எதும்மேல படுத்துச்சு?"

"இருபது தடவ தூக்கு. சொல்றேன்."

தூக்கினாள்.

பூனையைப் பற்றி நான் அன்று சொன்னதை இங்கே எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் விட்டுவிடுகிறேன்.

சில நாள் சொல்ல ஒன்றும் வராது. காந்திபுரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பேன். வீட்டில் ஒற்றை ஆளுக்கு உலை வைக்கச் சலிப்பாகி, இரண்டு வாழைப்பழத்தோடு கிளம்பியிருப்பேன். நாக்கு அசையாது.

"பச்சை எரியுது" என்று மட்டும் சொல்வேன்.

அந்த நாள்களில் இவள் கேள்வி கேட்பதில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள்.

பிறகு, நான் கேட்காமலே, காலைத் தூக்குவாள்.

இருபத்து மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கதவு வரைக்கும் போனாள். கதவைத் தாண்டினாள். வராந்தாவின் கோடி வரைக்கும் போனாள். ஷெரின் பின்னாலேயே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு போனாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"ஏனுங்க."

"சொல்லு."

"பச்சைதான எரியுது?"

"பச்சைதான்" என்றேன்.

தலையாட்டினாள். மிகவும் கவனமாக, நிதானமாக.

எங்கள் குடியிருப்பின் பேஸ்மென்ட்டில் ஒரு பிளக் பாயின்ட்கூடக் கிடையாது. ஒன்றாவது வைத்துத் தாருங்கள் என்று சங்கத்துக்கு ஏழு கடிதம் எழுதியவள் இவள்தான்.