பறித்த பந்தை யாரிடம் கொடுப்பது

அறையில் நான்கு பேர் இருக்கிறோம்: நான், என் தம்பி, அவன் மகன், கால்பந்து கிளப்பின் பயிற்சியாளர். மேசைமேல் மடிக்கணினியில் பழைய ஆட்டத்தின் பதிவு ஓடுகிறது. ஜன்னல் வெயில் விழுந்து திரை மங்குவதால் பயிற்சியாளர் உள்ளங்கையால் மறைத்துக் காட்டுகிறார். எங்கள் பையன் நடுக்களத்தில் பாய்ந்து பந்தைப் பறிக்கிறான். பறித்ததும் திரும்பிக் கோல்கீப்பரிடமே தள்ளிவிடுகிறான். மறுபடி பறிக்கிறான், மறுபடி பின்னால் தள்ளுகிறான். “பறிக்கிறதுல புலிதான் ஐயா. ஆனா முன்னாடி மூணு பேரு கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க, இவன் நிமிர்ந்தே பாக்கல. பெரிய கிளப்புல முதல் பாஸே இவன் கால்லேருந்துதான் கிளம்பணும்,” என்கிறார் என்னிடம்.

“தடுக்கிறவனுக்கு எதுக்கு சார் பாஸ்? பறிச்சா போதும்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்,” என்கிறான் தம்பி. “ஒரு வருஷம் குடுங்க, மாத்திடுறேன்.” எங்கள் வீட்டில் ஒருவர் கெஞ்சி நான் கேட்பது இதுவே முதல்முறை.

“இனிமே மாறாது சார். நாளைக்கு ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ணிடுங்க.”

பையன் காலுறையில் பிரிந்த நூலை இழுத்துக்கொண்டே இருக்கிறான். வெளியே மைதானத்தில் விசில் கேட்கிறது. பழக்கதோஷத்தில் எழுந்தவன், மறுபடி உட்கார்கிறான்.

என் தம்பி பயிற்சியாளரின் காலில் விழுந்தான் என்று உறவுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவன் நின்றபடியே இருந்தான். விழுந்தது நான்.